பாடும் குரல், சொல்லித்தரும் குரல்: கோவையில் சோப்ரானோவாக வாழ ஒரு வழி

"இதுல சோறு கிடைக்குமுங்களா மிஸ்?"

வருடத்துக்கு ஐந்தாறு அம்மாக்களாவது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. பெண்ணை மேற்கத்திய செவ்விசையில் சோப்ரானோவாக, அதாவது பெண் குரல்களில் ஆக உயரமான குரலாக, பாடப் படிக்க வைப்பது கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இன்னும் பழக்கப்படாத காரியம். கிடைக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சோறு பெரும்பாலும் பாடுவதிலிருந்து வராது, சொல்லித்தருவதிலிருந்து வரும். சொல்லித்தருகிற வேலை பாடுகிற குரலைத் தின்றுவிடாமல் காப்பாற்றத் தெரிந்தால் இரண்டும் நிற்கும், தெரியாவிட்டால் இரண்டும் போய்விடும். பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் மூன்று வருடம் எனக்கு அது தெரியவில்லை. இந்த வழியில் வர நினைக்கிற பெண்களுக்காக, நான் செய்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கத்துவதை விட வேண்டும்

நான் பிறந்தது சோமனூரில். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி. "அப்பா, சாப்பாடு ஆச்சுங்க" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதக் குரல் தானாகவே உயரும், நாம் நினைத்து உயர்த்துவதில்லை. எத்தியேன் லொம்பார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வந்தால் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். பேசும்போதே கழுத்து நரம்பு புடைக்கும். குரல் நல்ல கனமாக இருக்கும், மேலே போகச் சொன்னால் மட்டும் கதவு சாத்தியதுபோல் நின்றுவிடும்.

இந்தப் பக்கம் நல்ல குரல் என்றாலே கணீர்க் குரல்தான். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளோடு ஒப்பிடாமல் எங்கள் ஊர்ப் பாட்டிகள் எவரையும் மெச்ச மாட்டார்கள். நாடக மேடையில் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது, நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகமும் மைக் இல்லாத கலைதான், ஆனால் போகிற வழி வேறு. சோப்ரானோ ஆர்க்கெஸ்ட்ராவைப் பலத்தால் தாண்டுவதில்லை. குரல்நாணில் பிறக்கும் சின்ன ஒலியைத் தொண்டையும் வாயும் சேர்ந்து பெரிதாக்கித் தருகின்றன. அந்த இடத்தைத் திறந்து வைப்பதுதான் பாதிப் படிப்பு.

அதனால் என்னிடம் வருகிற யாருக்கும் முதல் மாதம் பாட்டு கிடையாது. இளநீர்க் கடையில் தருகிற ஸ்ட்ராவை வாங்கி வரச் சொல்வேன். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை மூழ்கியிருக்க வேண்டும். மறுநுனியை உதட்டால் காற்றுப் போகாமல் கவ்விக்கொண்டு "ஊ" என்று குரல் கொடுத்தால் தண்ணீர் கொப்பளிக்கும். கொப்புளம் சீராக வரும்படி குரலைக் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. வாய்ப்பக்கம் அடைபட்ட காற்றின் அழுத்தம் திரும்பி வந்து குரல்நாண்களைத் தாங்குவதால் அவை மோதாமல் மெதுவாகத் தொட்டுக்கொள்கின்றன. இன்னொரு லாபமும் உண்டு. சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற பிள்ளை காலை ஆறு மணிக்கு எழுந்து பயிற்சி செய்தால்கூட யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

மூச்சுக்கு ஒரே ஒரு பயிற்சி. விலா எலும்பின் மேல் இரண்டு கையையும் வைத்து மூச்சை இழுங்கள், விலா விரியும். "ஸ்ஸ்ஸ்" என்று விடும்போது அந்த விரிவு சட்டென்று சரியக்கூடாது. இருபது நொடி நின்றால் போதும். அறுபது நொடி நிற்கிறதா என்று போட்டி போட்டால் கழுத்துதான் இறுகும்.

ஆறு கட்டைக்கு மேலே ஒரு வீடு

இங்கே வருகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது படித்திருப்பார்கள். நானும் அப்படித்தான். கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோவில் திருவிழாவுக்கு அக்டோபரில் வீட்டோடு போவோம், எங்கள் பக்கம் எல்லாச் சாதிசனமும் போகும். அங்கே பாடகர் குழு நான்கு குரலாகப் பிரிந்து பாடியதைக் கேட்ட அன்றுதான் எனக்கு இந்த ஆசை வந்தது. அன்று என் சுருதி ஆறு கட்டை.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள், ஆசிரியராகப் போகிறவர்களுக்கு மிகவும் உதவும். ஆறு கட்டையில் பாடும் பெண்ணின் மேல் ஷட்ஜம் பியானோவில் நடு சிக்கு மேலுள்ள ஏ, அதாவது 440 ஹெர்ட்ஸ், நொடிக்கு 440 அதிர்வு. அவள் கச்சேரியில் தொடுகிற உச்சம் பெரும்பாலும் மேல் பஞ்சமம், அது ஈ. பேச்சுக் குரலின் கனத்தோடு பாடும் மார்புக் குரலை அங்கே வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடுவாள். சோப்ரானோவுக்கோ கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் குரல் மடை மாறுகிறது. அதற்கு மேல் ஹை சி வரை, அவள் சுருதிக் கணக்கில் அதிதார ஸ்தாயியின் சாதாரண காந்தாரம் வரை, இன்னும் எட்டு ஸ்வரஸ்தானம் இருக்கிறது. முதல் தடவை அங்கே போகும்போது குரல் மெலிந்து, காற்றாக, குழந்தைக் குரல்போலக் கேட்கும். "இது கள்ளக்குரல் மிஸ்" என்பார்கள். கள்ளக்குரல் இல்லை, இதுவரை யாரும் குடியிருக்காத வீடு. ஆறு மாதம் விளக்கேற்றினால் வெளிச்சம் வரும்.

மேலிருந்து கீழே வரும் பயிற்சிதான் இதற்கு நல்லது. "ஊ" என்று மேல் எஃப்பில் மெதுவாகத் தொடங்கி ஐந்து ஸ்வரம் இறங்குங்கள். கீழிருந்து ஏறினால் மார்புக் குரலின் எடையையும் தூக்கிக்கொண்டு ஏறுவோம்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இன்னொரு விஷயம். கர்நாடகப் பயிற்சி உள்ள குரல் ஒரு ஸ்வரத்தில் சும்மா நிற்காது. அதைக் குறையாகப் பேசுகிற மேற்கத்திய ஆசிரியர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். அந்தக் குரலுக்கு ஓட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டல் காலத்து வேகமான ஸ்வரக் கோவைகளைச் சரளி, ஜண்டை வரிசை பாடிய பிள்ளை ஒரு வாரத்தில் பிடித்துவிடும். நிற்பதற்குத்தான் சொல்லித்தர வேண்டும். தம்பூராவோடு ஒரே ஷட்ஜத்தை எட்டு எண்ணிக்கை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிக்கப் பிடிக்கக் குரல் தளரும். நாளடைவில் நொடிக்கு ஐந்தாறு தடவை மென்மையாக அலையும் விப்ராட்டோ தானாக வந்து உட்காரும், தாடையை ஆட்டிச் செய்ய வேண்டியதில்லை.

உயரத்தில் சொல் புரியவில்லை என்று கேட்பவர்கள் குறை சொல்வார்கள். பாடுகிறவள் அசட்டையாக இருப்பதால் இல்லை. குழாயடியில் குடம் நிறையும்போது கேட்டிருப்பீர்கள், தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் வெற்றிடம் சிறுத்து ஒலி மேலே போகும். வாயும் அந்தக் குடம் மாதிரிதான். "இ", "உ" என்னும்போது அந்த வெற்றிடத்தின் அடிப்படை ஒத்ததிர்வு ஏறக்குறைய 300, 350 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பாடும் ஸ்வரமே 700ஐத் தாண்டினால் அந்த "இ" தாங்காது, தாடையைத் திறந்து "ஆ"வின் பக்கம் சாய்க்கத்தான் வேண்டும். தாடையைத் திறக்கத் திறக்க ஒத்ததிர்வும் ஸ்வரத்தோடு கூடவே ஏறும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள். மேல் ஜியில் இரண்டு விரல் பல்லிடையே நுழையவில்லை என்றால் வாய் போதவில்லை.

தமிழ் நாக்கு ஒரு வரம்

சென்னையில் நான்கு வருடம் படித்தபோது, இத்தாலியன் பாட்டுக்கு வாய் திறந்த முதல் நாளே என்னைப் பாராட்டினார்கள். காரணம் நான் இல்லை, தமிழ். நம் உயிரெழுத்துகள் நேரானவை. "ஏ" என்றால் கடைசி வரை "ஏ"தான், ஆங்கிலத்தில்போல இறுதியில் "ய்" ஒட்டாது. இத்தாலியனுக்கு வேண்டியது அதுவே. இத்தாலியனின் "த" பல்லில் நாக்கு படும் "த", ஆங்கில டகரம் இல்லை. இரட்டித்தால் பொருள் மாறும் என்பதையும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பதம், பத்தம் என்று வேறுபடுத்துகிற காது நம்முடையது.

சறுக்குகிற இடமும் அங்கேதான். சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் "த"வை நாம் மென்மையாக்கிவிடுவோம். "காதல்" என்பதில் வரும் "த"வைச் சொல்லிப் பாருங்கள். இத்தாலியனில் அது ஒற்றையாகவும் இருக்க வேண்டும், வல்லினமாகவும் இருக்க வேண்டும். தமிழில் எழுதி வைத்துப் படித்தால் "த்த" என்று அழுத்துவீர்கள், இல்லையென்றால் குழைத்துவிடுவீர்கள். முதல் வாரத்துக்கு மேல் பாட்டுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுத விடுவதில்லை நான். அப்புறம் நம் பேச்சில் "வந்தேன்" என்பதன் கடைசி மூக்கில் போய்க் கரையும். பேச்சில் அது அழகு, பாட்டில் அந்த மூக்கொலி உயிரெழுத்துக்குள் கசிந்தால் மேல்குரல் அடைத்துக்கொள்ளும். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு "ஆ" பாடிப் பாருங்கள். ஒலி மாறினால் கசிகிறது.

தேர்வு, காகிதம்

சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே இரண்டு தேர்வு வாரியங்கள்தான் எல்லோருக்கும் பழக்கம், டிரினிட்டியும் ஏபிஆர்எஸ்எம்மும். இரண்டிலும் எட்டு கிரேடு. டிரினிட்டியில் 100க்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150க்கு 100, 120, 130. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு செய்முறைக்குப் போகுமுன் ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடான ஒன்று முடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடம் தள்ளிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எட்டுக்கு மேல் டிப்ளமா. ஆசிரியராக இருக்க டிப்ளமா கட்டாயமில்லை, ஆனால் நம் ஊரில் பெற்றோர் சுவரைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒரு கிரேடு என்று ஓட விடாதீர்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எட்டாம் கிரேடு பாட்டைத் தொண்டையில் திணிக்கலாம், இருபது வயதில் அவளுக்குப் பாடவே பிடிக்காமல் போகும். பூப்பெய்தும் காலத்தில் பெண் குரலும் மாறுகிறது. பையன்கள் குரல்போல உடைந்து கேட்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. காற்று கலக்கும், சுருதி தள்ளாடும். அந்த ஒன்றிரண்டு வருடம் நடு ஸ்தாயியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என் நாட்யூல்

சென்னையிலிருந்து திரும்பியதும் ஒரு பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்ந்தேன். காலை அசெம்பிளியில் அறுநூறு பிள்ளைகளை மைக் இல்லாமல் பாட வைக்க வேண்டும். பிறகு ஆறு பீரியட். மாலையில் வீட்டில் மூன்று பேருக்கு வகுப்பு. கிடைக்கிற பணத்தையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு நல்ல பியானோ வாங்கினேன். மூன்றாம் வருடம் டிசம்பரில் ஒரு கரோல் ஆராதனையில் மேல் ஜிக்குப் போனேன், காற்று மட்டும் வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர், குரல்நாண் அதிர்வதைப் படம் பிடிக்கும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி போட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாணிலும் எதிரெதிரே அரிசி முனை அளவுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளி, அதுதான் நாட்யூல். 440 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் பாடினால் குரல்நாண்கள் 26,400 தடவை தொட்டுக்கொள்கின்றன. அறுநூறு பேர் நடுவே கத்துகிறபோது அது தொடுவதில்லை, அடித்துக்கொள்வது.

அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. ஓய்வும் குரல் பயிற்சி சிகிச்சையும் ஐந்து மாதம். அந்தச் சமயத்தில் எனக்குத் துணையாக இருந்தது ஜென்னி லிண்டின் கதை. சுவீடனின் அந்தப் புகழ்பெற்ற சோப்ரானோ 1841இல் குரல் நைந்துபோய்ப் பாரிஸில் மானுவெல் கார்சியாவிடம் போனார். வாரக்கணக்கில் ஒரு ஸ்வரம்கூடப் பாடாமல் இருந்துவிட்டு வா என்று அவர் திருப்பி அனுப்பினார். அதே கார்சியாதான் 1854இல் பல் மருத்துவர் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தன் குரல்நாணைத் தானே பார்த்தவர். லிண்ட் திரும்பி வந்து ஐரோப்பாவையே ஆட்டிவைத்தார், 1883இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் திறந்தபோது அங்கே பாட்டுப் பேராசிரியரும் ஆனார். அதே கல்லூரியில் பின்னாளில் சொல்லித்தந்தவர்களில் மும்பையில் பிறந்த சோப்ரானோ பாட்ரிசியா ரொசாரியோவும் ஒருவர். 2009 முதல் இந்தியா முழுக்க வந்து நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார். பாடுவதும் சொல்லித்தருவதும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இந்த இரண்டு பேர் போதும்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுப் பாலும் கற்கண்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரிடம் போய்க் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது என் நாள்

காலை ஒன்பது மணி வரை என் குரல் என்னுடையது. ஆறரைக்கு எழுந்து இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஏழுக்கு ஸ்ட்ரா, ஏழரை முதல் எட்டரை வரை என் பாட்டுகள். அந்த நேரத்தில் போன் எடுப்பதில்லை. மாணவருக்கான நேரமாக அதை ஒருமுறை மாற்றினாலும் திரும்பக் கிடைக்காது, அதனால் பரீட்சை வாரத்தில்கூட மாற்ற மாட்டேன்.

ஒரு நாளைக்கு ஐந்து பேர்தான். ஒருவருக்கு 45 நிமிடம், பிறகு 15 நிமிடம் நான் வாய் திறப்பதில்லை. ஸ்வரத்தைப் பியானோவில் தருவேன், பாடிக் காட்டுவது ஒரு சொற்றொடர் மட்டும். பாடிக்கொண்டிருக்கிற பிள்ளையின் சத்தத்தின் மேலேறிப் பேச மாட்டேன், கையைத் தூக்குவேன், அவர்கள் நிறுத்துவார்கள். குழு வகுப்பு என்றால் காதில் மாட்டும் மைக். அறையில் டைல்ஸ் தரையின் மேல் பவானி ஜமக்காளம் விரித்து, ஒரு சுவருக்குப் பஞ்சு மெத்தை சாய்த்து வைத்திருக்கிறேன். எதிரொலிக்கிற அறையில் பிள்ளைகளின் குரல் பெரிதாகக் கேட்கும், அதை நம்பி ஏமாந்துவிடுவார்கள்.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய விலக்கு இல்லை. காலையில் சந்தவை, மதியம் அரிசிம்பருப்புச் சாதம். இரவு எட்டுக்கு மேல் மட்டும் சாப்பிடுவதில்லை, படுத்ததும் வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு ஏறினால் காலையில் குரல் தடித்திருக்கும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரம் எனக்கு ஒத்துக்கொள்ளும். மார்ச், ஏப்ரல் தூசியில்தான் ஆவி பிடிக்க வேண்டியிருக்கும். வெறும் தண்ணீர் ஆவி, தைலம் போட்டால் இன்னும் உலரும். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் குரல்நாண் வீங்கியிருக்கும். ஐரோப்பிய ஓபரா அரங்குகளில் அந்த நாட்களுக்குப் பாடகிகளுக்கு விடுப்புத் தரும் வழக்கமே ஒருகாலத்தில் இருந்தது. மாணவிகளிடம் இதை வெளிப்படையாகக் கேட்டு, அந்த வாரம் உயரத்தைக் குறைத்துவிடுவேன்.

கணக்கு

இருபத்திரண்டு மாணவர், வாரம் ஒரு வகுப்பு, வகுப்புக்கு 700 ரூபாய், மாதத்தின் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவேன். வராத வகுப்புக்கு மாதம் ஒன்று மட்டும் ஈடு. இதையெல்லாம் சேரும் அன்றே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. பாடி வருவது மொத்த வருமானத்தில் நாலில் ஒரு பங்கு. கோவையிலும் குன்னூர், ஊட்டியிலும் கல்யாண ஆராதனைகள், டிசம்பர் கரோல்கள், வருடம் ஓரிரு முறை சென்னையில் ஆரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடும் பெரிய இசைப்படைப்பு) தனிக்குரல். சென்னைக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் போவதானால் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவில்லை, அதற்கும் முந்தைய இரவு. ஏசி பெட்டியில் ஒரு இரவு படுத்தால் தொண்டை காய்ந்துவிடும், ஒரு நாள் பேசாமல் இருந்து தண்ணீர் குடித்தால்தான் சரியாகும்.

கல்யாண வீட்டில் "அம்மிணி, சும்மா ரெண்டு வரி பாடு" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் ஆசையாகத்தான் கேட்கிறார்கள். நானும் ஆசையாகவே, "இன்னைக்குக் குரலுக்கு லீவுங்க அத்தை, நாளான்னிக்கு வீட்டுக்கு வாங்க, முழுப் பாட்டே பாடுறேன்" என்பேன். வந்தவர்களுக்குப் பாடியும் இருக்கிறேன்.

டிசம்பர் முழுக்கப் பாடிய பிறகு ஜனவரி 2 முதல் பொங்கல் முடியும் வரை வகுப்பு கிடையாது. அந்த மாதக் கட்டணத்தில் பாதியைத்தான் வாங்குவேன் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறேன். சோமனூருக்குப் போய்விடுவேன். பூப்பறிக்கும் நோம்பிக்குத் தெருப் பெண்களெல்லாம் கும்மியடித்துப் பாடுவார்கள், நான் கை மட்டும் தட்டுவேன். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்ட்ராவும் அரை டம்ளர் தண்ணீரும்.